ஆய்வாளரம்மாவும் கல் தலையணையும்

என் முதல் மாதிரிப் பாடத்துக்காகச் சிம்மக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடை கடையாக அலைந்து ஒரு வாழைப்பூவும் ஒரு சீப்புப் பழமும் வாங்கிப் போனேன். எழுபதுகளின் பிற்பகுதி அது. மதுரையில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் மாணவி. அதை ஒட்டியே ஒரு தொடக்கப் பள்ளி இருந்தது. வருடா வருடம் நாங்களெல்லாம் பாடம் நடத்திப் பழகுவது அந்தப் பிள்ளைகளிடம்தான். பயிற்சி மாணவிகள் மாறுவோமே தவிரப் பாடங்கள் மாறுவதில்லை. மூன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் ஒரு பிள்ளை வாழை மரத்தைப் பற்றி எத்தனை முறை கேட்டிருக்கும் என்பது அதற்கே தெரியாது.

அன்று பின்வரிசையில் கைத்தறிச் சேலை கட்டிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஆசிரியர்களை எப்படித் தயார் செய்கிறோம், அதில் எதை மாற்ற வேண்டும் என்று ஆராய வந்தவர் என்றார்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்க, மனப்பாடம் செய்திருந்த பாடக்குறிப்பு பாதியில் மறந்துபோக, வாழைப்பூவைக் கையில் பிடித்தபடி நின்றேன். முன்வரிசைப் பையன் ஒருவனுக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், இப்ப நீங்க பூவ உரிச்சுக்கிட்டே என்ன நிறம்னு கேக்கணும். நாங்க செவப்புன்னு சொல்லுவோம்."

பக்கத்திலிருந்த சிறுமி திருத்தினாள். "கருஞ்செவப்பு. அதுக்கப்புறந்தான் பழம். பழத்த எங்களுக்குத் தரணும்."

ஆய்வாளரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். இடைவேளையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பயிற்சியை விட்டே அனுப்பப் போகிறார்கள் என்று அழுதுகொண்டே போனேன். "ஏம்மா அழுற? வகுப்பு நல்லாத்தான் நடந்துச்சு. நடத்துனது யாருங்கிறதுதான் கேள்வி" என்றார்.

அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. பாடம் தெரிந்த பிள்ளைகளிடமே பாடம் நடத்திப் பழகியவர்கள் வெளியே போய் என்ன செய்வார்கள்? ஒரு பருவம் முழுக்க ஏதாவதொரு கிராமத்துப் பள்ளியில் எங்களை விட வேண்டும் என்பது அவர் கட்சி. எங்கள் முதல்வருக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. பழம் வாங்கிக் கொடுத்து வளர்த்த பிள்ளைகளைக் குறை சொல்வதா? "இம்புட்டுச் சொல்றீங்களே, கீழக்குயில்குடிப் பள்ளிக்கூடத்துல போயி நீங்க ஒரு வகுப்பு எடுங்களேன், பாப்போம்" என்று சொல்லிவிட்டார்.

ஆய்வாளரம்மா அசரவில்லை. முதல்வரையும் எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். குழந்தை மனம் பற்றி அவர் படிக்காத புத்தகம் இல்லை. ஆனால் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்து அவருக்குப் பழக்கமே இல்லை என்பது அவர் வாயைத் திறந்ததும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. "உங்கள் வீட்டில் என்ன விலங்கு வளர்க்கிறீர்கள்?" என்று கேட்டார். மொத்த வகுப்பும் ஒரே நேரத்தில் பதில் சொன்னது. யார் வீட்டுக் கிடா பெரியது என்பதில் இருவருக்குச் சண்டை மூண்டது. தீர்த்து வைப்பதற்காக ஒருவன் ஓடிப்போய்க் கிடாவையே இழுத்து வந்துவிட்டான். அது ஆய்வாளரம்மாவின் படவிளக்க அட்டையைத் தின்னத் தொடங்கியது. கிடாவுக்குப் பின்னால் மொத்த வகுப்பும் வாசலுக்குப் போய்விட, வெறும் பெஞ்சுகளுக்கு முன்னால் அவர் சாக்பீஸோடு நின்றார். எங்கள் முதல்வர் முகத்தில் தீபாவளி.

அடுத்த வாரம் எங்கள் பள்ளியில் கல்வி அதிகாரிகளின் கூட்டம் நடந்தது. காபி கொடுக்க நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. நடந்ததை ஆய்வாளரம்மாவே கிடா உட்பட ஒன்று விடாமல் சொன்னார். சிரித்து அடங்கிய பிறகு பெரிய அதிகாரி கேட்டார்: "ஒங்களுக்கே முடியலைன்னா, இந்தப் பொண்ணுகளுக்கு எப்படிம்மா முடியும்?"

"என்னைய யாரும் அங்க கொண்டுபோய் விடலையே, சார். அதனாலதான் முடியல. இவங்களையாவது விடுங்கன்னு கேக்குறேன்."

ஒரே ஒரு பருவம், சோதனைக்காக, என்று அனுமதி கிடைத்தது. சரிவராவிட்டால் பேச்சை இத்தோடு விட்டுவிட வேண்டும்; பெரிய அதிகாரியே நேரில் வந்து பார்ப்பார்.

அப்படித்தான் நான் கீழக்குயில்குடிக்குப் போனேன். முதல் சில வாரங்களை எழுதாமல் விடுகிறேன். கிடா வரவில்லை என்பது மட்டும் ஆறுதல். ஒரு நாள் சமணர் மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். முனிவர்கள் பாறையில் படுக்கை வெட்டிப் படுத்தார்கள், தலையணையும் கல்தான் என்றேன். ஒரு சிறுமி எழுந்தாள்.

"கழுத்து வலிக்காதா டீச்சர்?"

எந்தப் பாடக்குறிப்பிலும் அதற்குப் பதில் இல்லை. அன்று வகுப்பைப் பார்க்க வந்து பின்னால் உட்கார்ந்திருந்த ஆய்வாளரம்மாவைப் பார்த்தேன். "எனக்கும் தெரியாது" என்றார். "போயிப் படுத்துப் பாத்துருவோம் டீச்சர்" என்றது வகுப்பு. மலை பக்கத்திலேயே இருக்க, வேறு வழியும் தோன்றவில்லை. ஏறினோம்.

பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கியது அந்த நேரம் பார்த்துத்தான். காலி வகுப்பைக் கண்டு, மலையைக் காட்டிய தலைமையாசிரியரைத் திட்டிக்கொண்டே மேலே வந்திருக்கிறார். மூச்சு வாங்க அவர் வந்து நின்றபோது, ஆய்வாளரம்மா கல் படுக்கையில் மல்லாந்து படுத்திருந்தார். சுற்றிலும் பிள்ளைகள், ஆளுக்கொரு கருத்து. ஆய்வாளரம்மா எழுந்திருக்கக்கூட இல்லை.

"வாங்க சார். வலிக்குதுன்னு ஒரு கட்சி, வலிக்கலைன்னு ஒரு கட்சி. எனக்கு இன்னும் தீர்மானமாகல."

அதிகாரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, மூக்குக் கண்ணாடியை என்னிடம் கொடுத்து, பக்கத்துப் படுக்கையில் மெல்லச் சாய்ந்தார். பிள்ளைகள் அவரைச் சுற்றி நெருங்கினார்கள்.

இன்று ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் ஊர்ப் பள்ளிகளில் இருந்துவிட்டுத்தான் வருகிறார்கள். பள்ளிக்கூடமே சரியில்லை என்று என்னிடம் முறையிடுகிறார்கள். இந்த ஏற்பாடெல்லாம் மேசை நாற்காலி போட்டுப் பேசி முடிவானது என்று நினைப்பு அவர்களுக்கு.

"என்ன சார், வலிக்குதா?" என்று அன்று மலையில் அவர்மேல் குனிந்து கேட்டாள் அந்தச் சிறுமி.

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பொறு தாயி," என்றார். "இப்பத்தான படுத்துருக்கேன்."