தொண்டைக்குள் வந்தவர்

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறிகள்; பகலில் யாரும் கத்தித்தான் பேச வேண்டும். ஒரு சனிக்கிழமை நண்பகலில் கரண்ட் போய், எல்லாத் தறிகளும் சேர்ந்து நின்றன. நான் குளியலறையில் இருந்தேன்.

"துண்ட எடுத்துட்டு வா" என்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

சுவரில் மோதித் திரும்பியது அப்பாவின் குரல்.

"இந்தா வாரேங்க" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது. அம்மா என்னிடம் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

அவசரமாக வந்த காலடி பாதியில் நின்றது. கொஞ்சம் கழித்துத் துண்டு மட்டும் கதவின் மேல் விழுந்தது. நான் வெளியே வந்தபோது அவள் அணைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து பேச வாய் திறக்கவே பயம். தொடங்கும்போது என் கீச்சுக்குரல்தான் வரும்; வாக்கியம் முடிவதற்குள் அவர் வந்துவிடுவார். கழற்றிய சட்டையை முகர்ந்து பார்த்தேன். ஷிப்டு முடிந்து வரும் அப்பாவின் வேர்வை வாடை. மூக்குக்குக் கீழே அவருடைய மீசையின் நிழல். நான் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். பேச்சை நிறுத்தினேன். தனியாக அவரோடு இருக்க வேண்டுமே என்று குளியலையும் விட்டேன். எந்த நோவுக்கும் எங்கள் வீட்டில் கோயில் புற்றுமண்தான் மருந்து. அதைக் குழைத்துத் தொண்டையில் பூசிக்கொண்டேன். ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவன் வேறு இடத்துக்குப் போய்விட்டான். ஏன் என்று கேட்கவும் எனக்குக் குரல் இல்லை.

திருநெல்வேலியில் நர்சிங் படித்த அக்கா அந்த வாரக் கடைசியில் வந்தாள். என் கழுத்து மண்ணைப் பார்த்துவிட்டு மாடிக்குக் கூட்டிப்போய் விசாரித்தாள். அப்பா எனக்குள் இருக்கிறார் என்று கிசுகிசுத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏலே, உன் குரல்வளை பெரிசாவுது. இந்த வயசுல எல்லாப் பயலுவளுக்கும் இப்படித்தான். அப்பா குரல் உனக்கு வராம வேற யாருக்கு வரும்?"

வேர்வையின் வாடை மாறுவதையும், புதிதாக முளைக்கும் முடியையும், முகப்பருவைக் கிள்ளக் கூடாது என்பதையும் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். தினம் இரண்டு வேளை அக்குளிலும் இடுக்குகளிலும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். உள்ளாடையை அன்றன்றைக்குத் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும்.

"நான் பெரிய மனுஷி ஆனப்ப மைக்செட் போட்டு ஊருக்கே சொன்னாவ. உனக்கு ஒருத்தரும் ஒத்த வார்த்த சொல்லலியே" என்றாள்.

நான் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். ஈரத் தலையோடு அடுக்களைக்கு ஓடினேன்.

"அது அப்பா இல்லம்மா. தொண்டை வளருது, அவ்வளவுதான். அக்கா சொல்லிட்டா."

அம்மா திரும்பவில்லை. "சரிய்யா" என்றாள். கழுவி முடித்த தட்டையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய பயத்தையும் போக்கிவிட்டேன் என்ற பெருமையோடு நான் விளையாடப் போனேன்.