கன்டெய்னருக்குள் எட்டுச் சேலை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தாலும் பேச்சில் ‘ங்க’ என்ற மரியாதை மட்டும் போகாது. கருமத்தம்பட்டியில் வாக்கப்பட்டவள் அப்படித்தான் சண்டை போட முடியும்.

என் கணவர் தறி ஓட்டுகிறார். நான் வீட்டிலிருந்தே சாப்ட்வேர் வேலை பார்க்கிறேன். எப்போதும் பிறருக்குக் கூலிக்கு நெய்கிறவர், முதல்முறையாகச் சொந்தமாக எட்டுக் காட்டன் சேலைகள் நெய்திருந்தார். விஜயதசமி காலை பத்து மணிக்கு சேலைகளைப் பற்றி நாங்கள் அனுப்பும் லிங்க்கைத் திறந்து பார்ப்பதாகச் சென்னைக் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார்.

அதற்காக வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு கன்டெய்னர் போட்டு, அதற்குள் சின்ன வெப் சர்வரை ஓடவிட்டேன். கன்டெய்னர் என்பது கம்ப்யூட்டருக்குள் தடுத்துவிட்ட தனி அறை மாதிரி. அறையைக் கலைத்தால் உள்ளே இருப்பதும் போய்விடும். அதனால் பக்கங்களை வெளியே ஒரு போல்டரில் வைக்க வேண்டும். ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தருவதே நான்தான். ஊருக்குத்தான் உபதேசம். அவசரத்தில் எல்லாவற்றையும் உள்ளேயே எழுதி, நின்றால் தானே அழியும்படி ஓடவிட்டிருந்தேன். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனுஷன் ஒவ்வொரு சேலையைப் பற்றியும் சொல்லச் சொல்ல நான் தட்டியது அது.

விஜயதசமி காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கிறது. பளிச்சென்று துடைத்து, சந்தனமும் குங்குமமும் வேறு.

“ஏனுங்க, இதை ஆருங்க ஆஃப் பண்ணுனது?”

“நாந்தான் அம்மணி. நேத்து பூசைக்குத் தறியெல்லாம் நிறுத்திப் பொட்டு வெச்சமில்ல, உன்ற தொழிலுக்கும் வெச்சுப்போட்டேன்.”

சேலைகளின் படங்கள் போனில் இருந்தன. அவர் சொன்ன வார்த்தைகள்தான் எங்கேயும் இல்லை.

“ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு அணைக்கக் கூடாதுங்களா? அத்தனையும் போச்சுங்க” என்று கத்தினேன். அவர் முகம் சுண்டிப்போனது. காப்பி குடித்து முடித்த பிறகுதான், தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வந்தது.

“செரி உடு கண்ணு. மறுக்காச் சொல்றேன், எழுது” என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இந்தத் தடவை வெளியே போல்டரில் எழுதினேன். ஏழு சேலைகள் முடிந்தன. எட்டாவது மயில்கழுத்து நிறம், மஞ்சள் கரை. படத்தைத் திறந்தேன்.

“அது வேண்டாம் அம்மணி.”

“போன தடவை சொன்னீங்களே?”

“நீ ஆசையாப் படம் புடிச்சுப்போட்டே, வேண்டாம்னு சொல்ல வாய் வரல. அது உனக்குன்னு ஓட்டுனது.”

இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சொன்னதே இல்லை. அன்றைக்குச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துச் சிரித்தார்.

பத்து மணிக்குக் கடைக்காரர் போன் செய்தார். ஏழு சேலைகளையும் மாதிரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, “எட்டுன்னு சொன்னீங்களே?” என்று கேட்டார்.

“ஒண்ணு வித்துப்போச்சுங்க” என்றார் என் கணவர்.