காதில் மாட்டிய மூன்று

ஒரு விடுகதை. ஒரே காதில் மூன்று பேர் தொங்குகிறார்கள். ஒருவர் பார்க்க உதவுவார், ஒருவர் கேட்க உதவுவார், ஒருவர் வாயை மறைப்பார். மூன்றாமவரைக் கழற்றினால் மற்ற இருவரும் கீழே விழுவார்கள். யார் அவர்கள்?

மூக்குக் கண்ணாடி, காது மிஷின், மாஸ்க். கும்மிடிப்பூண்டியில் காது மிஷின் பொருத்துகிற எனக்குக் கொரோனா போட்ட விடுகதை இது. கண்ணாடியோடு மாஸ்க்கும் மாட்டித் தவித்த உங்களுக்கு விடை உடனே தெரிந்திருக்கும்.

உதடு எங்கே?

கவரைப்பேட்டையிலிருந்து எண்பத்தாறு வயது முனுசாமியை அவர் பேரன் சேகர் அழைத்துவந்தார். பள்ளிகள் மூடப்படும்வரை சேகரின் மகள் யாழினியைத் தினமும் அங்கன்வாடிக்குக் கூட்டிப்போய் வந்தவர் பெரியவர்தான். தொற்று வந்தபின், கம்பெனி வேலைக்குப் போய்வந்த சேகர் வீட்டிலும் மாஸ்க்கோடு இருந்தார். கேள்வி ஒன்றாக இருக்க, பெரியவர் பதில் வேறாகச் சொன்னார். புத்தி தடுமாறிவிட்டது என்று வீட்டில் முடிவுகட்டினார்கள். பள்ளி திறந்து குழந்தை ஒன்றாம் வகுப்புக்குப் போனபோது அவரோடு அனுப்பவில்லை.

சோதித்துப் பார்த்தேன். புத்தியில் ஒரு குறையும் இல்லை. காதுதான் பல வருடமாக மந்தம்; எதிராளியின் உதட்டைப் பார்த்தே சமாளித்திருக்கிறார்.

"வாய மூடிக்கினு பேசுனா நான் இன்னாத்த நைனா பார்த்துக் கேக்கறது?" என்றார்.

சோப்புத் தண்ணீர்

மிஷின் மாட்டிய பத்தாம் நாளே திரும்பி வந்தார். மாஸ்க்கைக் கழற்றியபோது நாடாவோடு மிஷினும் போய், இரண்டும் சோப்புத் தண்ணீர் வாளியில் ஊறியிருக்கின்றன. வேறொன்று மாற்றிக் கொடுத்து, அதை நூலால் சட்டைக் காலரில் கட்டிவிட்டேன்.

"கன்னுக்குட்டிய கட்ற மாரி கட்டிட்டியே, எங்க ஓடிடப் போவுது?"

லாரி ஹாரன்

குழந்தையை மறுபடி அவரோடு அனுப்ப, சேகருக்கு ஒரு பயம் மட்டும் பாக்கி. பள்ளிக்கு லாரி ஓடும் சாலையைக் கடந்து போகவேண்டும். "பின்னாடி ஹாரன் அடிச்சா தாத்தாக்குத் தெரியுமா சார்?"

பெரியவரைக் கடை வாசலில், தெருவுக்கு முதுகு காட்டி நிற்கவைத்தேன். சத்தம் கேட்டால் கையைத் தூக்கவேண்டும். ஒவ்வொரு ஹாரனுக்கும் தூக்கினார். ஒரு சைக்கிள் மணிக்கும் தூக்கினார்.

கூட வந்திருந்த மகளிடம் சேகர் கேட்டார். இரண்டு மாதமாக அவர் பைக்கில் பள்ளிக்குப் போய்ப் பழகியவள் அவள். "நாளையிலேர்ந்து அப்பா வண்டியா, தாத்தாவா? நீயே சொல்லு."

பெரியவர் மிஷினைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"காத்தால வண்டி, சாயங்காலம் தாத்தா" என்றாள் யாழினி. அப்படியாக, எண்பத்தாறு வயதில் முனுசாமிக்கு மாலை ஷிப்ட் மட்டும் கிடைத்தது.