சூரியகாந்திப் படம் போட்ட பை

எங்கள் வீட்டில் எழுதியிருப்பதை வாசிப்பது என்னுடைய வேலை. கவுன்சில் கடிதம், கரண்ட் பில், மருந்துப் போத்தல், எல்லாம் என் கைக்குத்தான் வரும். அப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்கு அதுவும் இல்லை. நான் பார்மசி கடைசி வருடம் படித்த அந்த வசந்தத்தில், ஒரே ஒரு பையை மட்டும் அப்பா என்னிடம் காட்டவில்லை. பரீட்சைக்குப் படிக்கிறவனைக் குழப்பக்கூடாது என்று நினைத்திருக்கிறார்.

புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தில், செவன் கிங்ஸ் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்னால் ஒரு துண்டு நிலம் உண்டு. நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். அதில் அப்பா கத்தரி, தக்காளி, அவரை என்று நெருக்கி நட்டிருந்தார். அவருடைய ஆசையெல்லாம் பூசணியில்தான். முந்தின வருடம் கொடி மட்டும் ஓடியது; பிஞ்சு விரலளவு வந்ததும் மஞ்சளாகி விழுந்தது. தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும் என்று வேலையிடத்தில் யாரோ சொல்ல, அப்பா பூச்செடிகளில் இறங்கினார். பாக்கெட்டில் இருக்கும் படத்தைப் பார்த்தே விதை வாங்குவார். அப்படித்தான் அந்தப் பெரிய பையும் வந்தது. முன்பக்கம் மூன்று சூரியகாந்தி, மூலையில் ஒரு சின்னக் குருவி. இவ்வளவு பூவிதையா என்று மகிழ்ந்து, வேலியோரம் முழுவதும் தூவித் தண்ணீர் ஊற்றிவிட்டார்.

அது குருவிகளுக்குப் போடும் தீனி.

சூரியகாந்தி முளைத்தது. கூடவே தினையும் முளைத்தது. தினையை அப்பா பார்த்தவுடன் கண்டுகொண்டார். பூவிதைக்குள் தினை எப்படி வந்தது என்று யோசிக்காமல், கடைக்காரன் சும்மா தந்ததாக எடுத்துக்கொண்டார். நடுவில் ஒரு செடி மட்டும் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு என் தோளுயரம் வளர்ந்தது. அதற்குத் தடி ஊன்றி, அம்மாவின் பழைய சேலைக் கரையால் கட்டியும் வைத்திருந்தார்.

நான் அதைச் சரியாகப் பார்த்தது பரீட்சையெல்லாம் முடிந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தேநீர்க் கோப்பையோடு. விரல் விரித்த கை மாதிரி இலை, ஓரமெல்லாம் அரத்தின் பல். விரிவுரையில் திரையில் பார்த்த அதே படம். இந்த நகரத்தில் கஞ்சாப் புகையின் மணம் பஸ் தரிப்பிடம் வரைக்கும் உண்டு. செடியை நேரில் கண்டது அன்றுதான், அதுவும் எங்கள் வீட்டில், சேலைக் கரை கட்டிக்கொண்டு.

அடுத்த மாதம் நான் மருந்துக்கடையில் பயிற்சிக்குச் சேர இருந்தேன். போலீஸ் பதிவைப் பார்ப்பதற்கான படிவம் அனுப்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இங்கே ஒரு செடி வளர்த்தாலும் குற்றம்தான். மருந்தாளராகப் போகிறவன் வீட்டில் கஞ்சா என்று எங்காவது ஒரு வரி எழுதப்பட்டால், எங்கள் வீட்டின் முதல் படிப்பு அந்த வரியோடு நின்றுவிடும். வியாழக்கிழமை வீட்டைப் பார்வையிட வாடகை ஏஜென்ட் வருகிறார் என்ற கடிதம் பிரிட்ஜில் ஒட்டியிருந்தது. அதையும் நான்தான் வாசித்துச் சொல்லியிருந்தேன்.

முதலில் அம்மாவிடம் ஓடினேன். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஓம், கஞ்சா எண்டு எனக்குத் தெரியும். முழங்கால் நோவுக்கு அப்பா தெரிஞ்சுதான் வளக்கிறார் எண்டு நினைச்சு நான் ஒண்டும் கேக்கேல்லை."

அப்பாவுக்கோ ஒன்றும் தெரியாது. வேலையால் வந்தவரைப் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னபோது அவர் நம்பவில்லை. தோட்டச் சாமான் வைக்கும் கொட்டிலுக்குள் மடித்து வைத்திருந்த பையை எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தேன்: சூரியகாந்தி, தினை, கடைசியில் குருவித் தீனியில் கலக்கும் கஞ்சா விதை. அப்பா செடியைக் காட்டினார். தொங்கிய பூங்கொத்துகளில் ஏழெட்டுத் தேனீக்கள், காலெல்லாம் மஞ்சள் தூள்.

"இதுகள் இஞ்ச வரத் தொடங்கினதே இந்தச் செடியாலதான். ஏஜென்டுக்கு என்ன இலை தெரியும்? பூசணி பிடிக்கட்டும், பிறகு பிடுங்கிறன்."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "வாசிக்கத் தெரியாட்டி என்னட்டைக் கேட்டிருக்கலாமே, அப்பா."

"கேட்டிருக்கலாம்," என்றுவிட்டு உள்ளே போனார். எத்தனை கடிதங்களை அவருக்கு வாசித்திருக்கிறேன், ஒருநாளும் நான் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை.

புதன் விடிந்ததும் நானே பிடுங்கிவிடலாம் என்று இறங்கினேன். அப்பா எனக்கு முன்னரே எழும்பியிருந்தார். செடி நின்ற இடத்தில் ஒரு குழி. துண்டு துண்டாக வெட்டி உரத்தொட்டிக்குள் போட்டு, மேலே மண்ணும் கொட்டியிருந்தார். சேலைக் கரை அவர் தோளில் கிடந்தது.

"பூசணி கடையிலயும் கிடக்கு, தம்பி," என்றார். "உன்ர வேலை கடையில கிடக்காது."

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, முதல்நாள் போனில் தேடி வாசித்ததைச் செய்து காட்டினேன். பூசணியின் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, அடியில் பிஞ்சோடு விரிந்திருந்த பெண்பூவுக்குள் மெதுவாகத் தடவினேன். அப்பா குனிந்து பார்த்தார்.

"பார்மசி படிச்சுக் கடைசியில கலியாணப் புரோக்கர் ஆயிட்டாய்."

இரண்டாவது பூவை அவரே பறித்தார். அவருடைய கை என்னுடையதைவிட நிதானமாக இருந்தது.

வியாழன் வந்த ஏஜென்ட் குளியலறைப் பூஞ்சணத்தைப் படம் எடுத்தார். பின்பக்கம் வந்து குழிக்குப் பக்கத்திலேயே நின்றார். இது என்ன புல் என்று தினையைக் காட்டிக் கேட்டார். குருவிச் சாப்பாடு என்றேன். உண்மைதானே. விரியத் தொடங்கியிருந்த சூரியகாந்தியைத் தன் மகளுக்கு என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை சூரியகாந்திகள் எல்லாம் விரிந்தன. தேனீக்கள் வேறு அழைப்பு இல்லாமலே திரும்பி வந்தன. நாங்கள் தடவிய பூக்களில் ஒன்று விழுந்துவிட்டது. மற்றது பச்சையாகவே நின்று, என் கைமுட்டியளவு பருத்தது. போலீஸ் படிவம் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்த நாளில் அப்பா அந்தப் பூசணிப் பிஞ்சைத்தான் முதலில் தடவிப் பார்க்கச் சொன்னார்.

பிறகு ஜாக்கெட் பையிலிருந்து புதிதாக வாங்கிய விதைப் பாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினார். முன்னால் ஊதாப் பூப் படம்.

"வாசி," என்றார். "பின்பக்கத்தையும் சேத்து வாசி."