சார் உயிர் கொடுத்த கல்வாழை

ஐம்பது வயதுக்கு மேல் ஆயில் பெயின்டிங் கற்றுக்கொள்ளப் போனேன். புதுச்சேரி டவுனில் ஒரு மாடி அறையில், ஞாயிறு காலைகளில் வகுப்பு. சொல்லிக்கொடுத்த சாருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. வாய் மட்டும் மாமியார் வாய். ஆரம்பத்திலேயே என் செம்பருத்தியைப் பார்த்து, “இது பூ இல்ல மேடம், பிழிஞ்சு போட்ட துணி” என்றார். வகுப்பிலிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தது தங்கள் படம்தான் என்று தெரிந்தும் சிரித்தார்கள்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் முடியப்போகும் நேரத்தில் “எந்திரிங்க” என்று நம்மைக் கிளப்பிவிட்டு நம் ஸ்டூலில் உட்காருவார். இதழில் சில இழுப்பு, இலை நரம்பில் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான், துணி பூவாகிவிடும். பிறகு பிரஷ்ஷை நம்மிடம் கொடுத்து, “மூலையில கையெழுத்துப் போடுங்க” என்பார். அதற்குப் பெயர் ஃபினிஷிங். மற்றவர்களுக்கு இதில் வெட்கமே இல்லை. அவர்கள் வீட்டு ஹால்களில் எல்லாம் ஒரே ஆள் முடித்துக் கொடுத்த ஹெலிகோனியாப் பூக்கள் ஆளுக்கொரு கையெழுத்தோடு தொங்குகின்றன.

எனக்கு மட்டும் அது ஆறவில்லை. காரணம் என் வீட்டுக்காரர். ஒவ்வொரு படத்தையும் அரியாங்குப்பத்து வீட்டுக்குக் கொண்டுவந்து அவரிடம் காட்டுவேன். ஃபினிஷிங் விஷயம் அவருக்குத் தெரியாது. ஆனாலும் விரல் நேராக சார் தொட்ட இடத்துக்கே போகும். “இது பரவால்ல. மத்ததெல்லாம் ஏன் இப்படிக் கெடக்குது?” இத்தனை வருடமாக என் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்காத மனிதருக்கு இதில் மட்டும் கண் தப்பாது.

வேறு கை படாத ஒரே ஒரு படத்தைப் பார்த்து அவர் நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம், குளித்த தண்ணீர் போகும் இடத்தில் கல்வாழை மண்டிக் கிடக்கும். அதை வீட்டிலேயே வரைந்தேன். இலைப் பச்சை சரியாக வராமல் சுரண்டிச் சுரண்டிப் போட்டேன். மழைக்காலத்தில் ஆயில் லேசில் காயாது. விரல் வைத்தால் ஒட்டாத வரைக்கும் வாரக்கணக்கில் காயவிட்டேன். வகுப்புக் கண்காட்சி அன்று காலை நேராக ஹாலுக்கு எடுத்துப்போய் நானே மாட்டினேன். சார் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார். நான் வீட்டுக்காரரை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் என் மங்கல் பூ பளபளவென்று சிவந்து நிற்கிறது. “லேசா உயிர் குடுத்திருக்கேன் மேடம்” என்றார் சார், பிரஷ்ஷைத் துடைத்தபடி. வீட்டுக்காரர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

“இது நீ போட்டதா? நெசமாவே நல்லா இருக்குது.”

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை. இருவர் மேலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மேஜையிலிருந்த துணியை டர்பன்டைனில் நனைத்தேன். என் பெயின்ட் காய்ந்திருந்தது, சாருடையது ஈரம். துடைக்கத் துடைக்க அவருடைய சிவப்பு மட்டும் துணியோடு வந்தது. அடியில் என் பூ அப்படியே இருந்தது, மந்தமாக, ஒரு பக்கம் சாய்ந்து.

“உங்க இஷ்டம் மேடம்” என்று சார் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

“நல்லாத்தான இருந்துச்சு, எதுக்குக் கெடுத்த?” என்றார் வீட்டுக்காரர்.

“கெடுக்கலங்க. இதுதான் நான் போட்டது.”

அவர் மறுபடி பார்த்தார். இந்த முறை நிதானமாகவே பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று ஆசையோடு நின்றேன்.

“அப்ப கழட்டிடு. நாலு பேரு பாக்குற எடத்துல வேணாம்.”

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கழற்றவில்லை. அவர் தனியாக பஸ் ஏறிப் போனார். நான் படத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஹால் மூடும்வரை உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் என்னையும் கல்வாழையையும் தாண்டி, ஹெலிகோனியாக்களைப் பார்க்கப் போனார்கள்.