விரலில் காவி

அக்கி வராமல் தடுக்கும் ஊசிக்காகக் கேளம்பாக்கம் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து அமர்ந்தவரைப் பார்த்ததும் திகைத்தேன். படூரில் அக்கி வந்தவர்களுக்கு உடம்பில் காவி குழைத்து எழுதுகிறவர். அறுபது வயதிருக்கும். விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். நகக்கண்ணில் காவி போகவே இல்லை.

போன வருஷம் என் மனைவிக்கும் அவர்தான் எழுதினார். கொப்புளம் காய்ந்தது. எரிச்சல் அவளுக்கு இன்னும் இருக்கிறது. அதனால் நான் வந்தேன். இவர் ஏன்?

நர்ஸ் சிரித்தே விட்டாள். "இன்னா பெரியவரே, ஊருக்கெல்லாம் எழுதுறீங்க, உங்களுக்கு ஊசியா?"

"எழுதுறவன்தாம்மா. கொப்புளம் போயும் எரியுதுன்னு அழுதுகினு திரும்பி வர்றவங்க மூஞ்சிய நீ பாத்தியா? நான் பாத்துகினு கீறேன்."

"வெளிய தெரிஞ்சா உங்ககிட்ட யாரு வருவாங்க?"

"வராட்டி போவட்டும். நீ குத்து."

சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார்.

மறுவாரம் அவர் வீட்டைத் தாண்டிப் போனேன். 'இங்கு அக்கி எழுதப்படும்' என்ற பலகையை அவர் கழற்றவில்லை. அதற்கும் மேலே, சுவரில், பெரிய எழுத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது: 'ஐம்பது வயசு தாண்டியாச்சா? அக்கி வர்றதுக்கு முன்னாடி ஊசி போட்டுக்கோ.'

அதே காவியில் எழுதியிருந்தார்.