கை கழுவ வைத்த சோப்பு

மகன் துபாயிலிருந்து அனுப்பிய சோப்பை வைக்க பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசம் அடித்ததும், இத்தனை வருஷம் கழித்தும் வெட்கத்தில் காது சுட்டது.

அறுபதுகளில், பரங்கிப்பேட்டையில் நான் சிறுமி. வாப்பா பினாங்கிலிருந்து வரும்போதெல்லாம் ரோஜா மணக்கும் சோப்பு கொண்டுவருவார். "ஒண்ணைப் பிரிச்சுப் புள்ளைங்களுக்குக் குடேன்" என்பார்.

"மவ கல்யாணத்துல சம்பந்தி வூட்டுக்காரவுங்க கை கழுவ வேணாமா?" என்று உம்மா அவற்றைப் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுவார். வாங்கி வந்த வாப்பாவும் துணி சோப்பு போட்டுத்தான் குளித்தார்.

அக்கா கல்யாணத்தன்று சஹன் தட்டில் கூடிச் சாப்பிட்டு எழுந்த மாப்பிள்ளையின் தாயாருக்கு, உம்மா பெருமையோடு அந்த சோப்பை நீட்டினார். அந்த அம்மாள் கழுவிய கையை முகர்ந்து பார்த்தார்.

"என்ன புள்ள, கையெல்லாம் அந்துருண்டை நாறுது?"

பெண்கள் சிரித்தார்கள். உம்மா முக்காட்டை முகம்வரை இழுத்துக்கொண்டார். நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூட்டம் கலைந்தபின், வாப்பா அதே சோப்பால் நிதானமாகக் கை கழுவினார். "நல்லாத்தானே இருக்கு" என்றார். உம்மா நிமிரவே இல்லை.

மகன் அனுப்பிய சோப்பை உறையோடு ஒருமுறை முகர்ந்தேன். பேத்தி கல்யாணத்துக்கு ஆகுமே என்று, வெட்கத்தோடுதான், உள்ளே வைத்துப் பூட்டினேன்.

பேத்தி இன்னும் நடக்கவே பழகவில்லை.